குருதி மட்டும் வேண்டும், கருத்து வேண்டாமா?

"வாயைத் திற!" என்கிறார்கள், திறக்கிறான். பல்லைப் பார்க்கிறார்கள்; கறையின் அளவைக் குறித்துக் கொள்கிறார்கள். "கையை நீட்டு!" என்கிறார்கள், நீட்டுகிறான். குருதியை எடுக்கிறார்கள், குப்பியில் அடைக்கிறார்கள். "கிணற்று நீர் ஒரு குவளை கொண்டு வா!" என்கிறார்கள், ஓடிப் போய்க் கொண்டு வருகிறான். பிறகு வண்டி ஏறுகிறார்கள். புழுதி எழுகிறது, புழுதி அடங்குகிறது. வாயைத் திறந்தவன் வழிமேல் விழி வைத்துக் காத்திருக்கிறான். அந்த வண்டி திரும்பி வருவதில்லை!

தருமபுரி மாவட்டத்து வறண்ட சிற்றூர்களிலும், சித்தேரி மலைச் சரிவுகளிலும் வாழும் மக்கள், ஆராய்ச்சி என்ற சொல்லுக்குக் கண்ட பொருள் பெரும்பாலும் இதுதான். அவர்களுடைய பல் படமாயிற்று, எலும்பு ஏட்டிலேறிற்று, நீர் எண்ணாயிற்று. ஆனால், "உமக்கு என்ன வேண்டும்? உம் உடலைப் பற்றி நீர் என்ன கருதுகிறீர்?" என்று கேட்டவர் எத்தனை பேர்? வாயைத் திறக்கச் சொன்னவர்கள், அந்த வாய் பேசுவதற்கும் உரியது என்பதை மறந்தனர்!

தோழர்களே! நாம் அறிவியலுக்குப் பகைவரல்லர். அறிவியலே அடிமைத்தளை அறுக்கும் வாள் என்று நம்புகிறோம். அதனால்தான் கேட்கிறோம்: அந்த வாளின் கைப்பிடி யார் கையில் இருக்கிறது?

தருமபுரியின் துயரை முதலில் அறிந்துகொள்வோம். இம்மாவட்டத்துப் பாறையிலே ஃபுளோரைடு இருக்கிறது. பாறையினின்று நிலத்தடி நீரிலே கரைகிறது. நீரினின்று உடலிலே சேர்கிறது. ஒரு லிட்டர் நீரில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் அது இருத்தலாகாது என்பது உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த அளவு. அளவு மீறிய நீரைக் குடித்து வளரும் குழந்தைக்கு, ஈறுக்குள்ளே உருவாகும் காலத்திலேயே பல் கெடுகிறது. முளைக்கும்போதே மஞ்சளும் பழுப்புமாய் முளைக்கிறது. ஆண்டுக்கணக்கில் குடித்தவனுக்கு மூட்டு இறுகுகிறது, முதுகு வளைகிறது. வந்தபின் போக்க மருந்தில்லை. வருமுன் காக்க வழி உண்டு. வழி ஒன்றே: நல்ல நீர்!

பல் விளக்காத சோம்பேறி என்று பள்ளியிலே பழிப்பு; பெண் பார்க்க வந்த இடத்திலே சிரிப்பதற்கே அச்சம்; நாற்பது வயதிலே கிழவனின் நடை. இவ்வளவையும் சுமந்தவனிடம் நாடு சொன்னது என்ன? "தலைவிதி" என்றான் ஒருவன். "முன்வினைப் பயன்" என்றான் இன்னொருவன். குழாயிலே வரவேண்டிய குணத்தைக் கோயிலிலே தேடச் சொன்னார்கள்! பாறை செய்த கேட்டுக்குப் பாவத்தின் மீது பழி!

விதிவாதிகளை நாம் அறிவோம். அவர்களோடு நமக்குள்ள கணக்கு பழைய கணக்கு. இன்று நாம் கணக்குக் கேட்பது விதியை நம்பாதவர்களிடம், விஞ்ஞானம் படித்தவர்களிடம், ஏன், நம்மிடமே!

இந்நோய் நேற்றுக் கண்டுபிடிக்கப்பட்டதா? இல்லை. 1937ஆம் ஆண்டிலேயே, அன்றைய சென்னை இராசதானியின் நெல்லூர்ப் பகுதி மக்களிடம் இந்நோய் இருப்பதை மருத்துவர் ஷார்ட்டும் அவருடைய துணைவர்களும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழிலே எழுதினர். அதற்கு முன்பே, உழவு மாடுகள் கால் விறைத்து நடக்க மாட்டாமல் முடங்குவதைக் கண்டு கவலையுற்றவர்கள் அவ்வட்டாரத்து உழவர்கள் என்று இந்நோயின் வரலாற்றை எழுதியவர்கள் கூறுவர். முதலில் கண்டவன் கலப்பை பிடித்தவன்! ஏட்டிலே நின்ற பெயரோ எழுதுகோல் பிடித்தவன் பெயர். எழுதியவரைக் குறை கூறவில்லை, எழுதியது நற்பணியே. கண்டவனும் ஆராய்ச்சியாளனே என்பதை நாடு ஏற்றுக்கொண்டதா என்பதே நம் வினா.

அன்றைய தருமபுரி, அதே இராசதானியின் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது. தனி மாவட்டமானது 1965இல். காவிரி ஒகேனக்கல்லில் கொட்டி முழங்கி ஓடிக்கொண்டிருந்தது. அருகிலிருந்த ஊரோ நச்சுநீரைக் குடித்துக்கொண்டிருந்தது. சப்பான் நாட்டுக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்திற்கு 2008இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 2013இல் திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. நல்ல செயல், நன்றி கூறுவோம். ஆனால் கணக்கிட்டுப் பாருங்கள்! நோயின் பெயர் ஏடேறிய 1937 எங்கே? நீர் குழாயேறிய 2013 எங்கே? இடையே எழுபத்தாறு ஆண்டுகள்! மூன்று தலைமுறைப் பற்கள்! அறிந்தவர் ஒருபுறம்; அவதிப்பட்டவர் மறுபுறம். அறிவு அவதிப்பட்டவனின் கைக்கு வந்திருந்தால், அவன் அதை ஆயுதமாக்கி, "எங்கே எங்கள் நீர்?" என்று எழுபத்தாறு ஆண்டு பொறுக்காமல் கேட்டிருப்பானன்றோ?

சுகாதாரப் பிரசாரம் எப்படி நடக்கிறது என்பதையும் பாருங்கள். "நீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள்!" - ஊர்தோறும் உரைக்கப்படும் அறிவுரை. காலராவுக்கு நன்று, கழிச்சலுக்கு நன்று. ஃபுளோரைடு நீருக்கோ? கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகும், ஃபுளோரைடு ஆவியாகாது, எஞ்சிய நீரில் அதன் செறிவு மிகும்! "குளத்து நீர் வேண்டா, ஆழ்துளைக் கிணற்று நீரே தூயது!" என்பது இன்னொரு பொது அறிவுரை. கிருமிக்கு அது சரி. பாறையை ஆழத் துளைத்து எடுத்த நீரிலே, பாறையின் நஞ்சும் கூடவே வரக்கூடும் என்பதை அந்த அறிவுரை சொல்வதில்லை. தலைநகரிலே எழுதிய வாசகத்தைத் தருமபுரிச் சுவரிலே ஒட்டுவதா சுகாதாரக் கல்வி? ஊருக்கு ஒரு கிணறு, கிணற்றுக்கு ஒரு குணம். அந்தக் குணத்தை அறிந்தவள் குடம் சுமந்தவள். எந்தக் கிணற்று நீரில் பருப்பு வேகாது, எந்த நீர் நாவில் கரிக்கும் என்று அவள் அறிவாள். அவளைக் கேட்டு எழுதிய சுவரொட்டி ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம்!

"படியாதவள் அவள், அவளுக்கு ஆராய்ச்சி என்ன தெரியும்?" என்பர் சிலர். சூத்திரன் காதில் வேதம் விழலாகாது என்ற பழைய பேச்சு, வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறது! அன்று மந்திரம் பூணூலுக்குள் பூட்டிக் கிடந்தது; இன்று உண்மை ஆங்கில ஏட்டுக்குள் பூட்டிக் கிடக்க வேண்டுமா? பூட்டு மாறியது, பூட்டும் புத்தி மாறவில்லையே!

நம்மையும் நாம் விடுவதற்கில்லை. பகுத்தறிவு பேச மலையேறிய நாம் என்ன செய்தோம்? ஒலிபெருக்கியை நிறுத்தினோம், ஒரு மணி நேரம் முழங்கினோம், "மூடநம்பிக்கையை ஒழியுங்கள்" என்றோம், மாலையோடு இறங்கினோம். அவர்கள் ஏன் மருத்துவமனைக்கு வர அஞ்சுகிறார்கள் என்று கேட்டோமா? பேருந்து உண்டா, பிள்ளையை யார் பார்ப்பார்கள், ஒரு நாள் கூலி போனால் உலை எப்படிக் கொதிக்கும் என்று கேட்டோமா? கேட்காமலே, "அறியாமை!" என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதினோம். அறியாமை எவருடையது? பகுத்தறிவு என்பது விடைகளின் மூட்டையன்று, வினவும் உரிமை. அந்த உரிமை மேடையில் நிற்பவனுக்கு மட்டும் சொந்தமென்றால், நாமும் ஒரு புதிய புரோகிதக் கூட்டமே!

அச்சத்திற்குக் காரணம் உண்டு. அரூர் வட்டத்து வாச்சாத்தியை மறந்தீர்களா? 1992ஆம் ஆண்டு சூன் 20. சந்தன மரம் தேடுகிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அம்மலைவாழ் மக்களின் ஊருக்குள் புகுந்தன. வீடுகள் நொறுங்கின, 18 பெண்கள் மானபங்கப்படுத்தப்பட்டனர். 2011இல் தருமபுரி நீதிமன்றம் குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகளே என்று தீர்ப்பளித்தது. 2023இல் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அரசின் வண்டி என்றால் என்ன என்று இந்த வட்டாரத்து மக்கள் அறிந்தது இப்படி! அந்த வண்டியின் பின்னாலே இன்னொரு வண்டி வந்து, "கையை நீட்டு, குருதி வேண்டும்" என்றால், தயங்குவது மூடத்தனமா? அனுபவம் கற்பித்த அறிவு அது. நம்பிக்கையை மக்களிடம் கேட்குமுன், நம்பத்தக்கவராய் நடந்துகொள்ள வேண்டாமா?

இது நம் நாட்டுக்கு மட்டுமே உரிய இழிவன்று. செல்வத்தில் சிறந்த அமெரிக்காவைப் பாருங்கள். அலபாமா மாநிலத்து டஸ்கீகியில், 1932 முதல் 1972 வரை நாற்பது ஆண்டுகள், அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறையே ஓர் ஆராய்ச்சி நடத்திற்று. சிபிலிஸ் நோயுற்ற 399 கருப்பின ஏழை ஆண்களிடம், நோயின் பெயரைச் சொல்லவில்லை. "கெட்ட இரத்தம்" என்று மட்டும் சொன்னார்கள். சோறு போட்டார்கள், சாவுச் செலவுக்குப் பணம் தருவதாகச் சொன்னார்கள். பெனிசிலின் வந்தது, நாடெங்கும் நோயைத் தீர்த்தது. அவர்களுக்கு மட்டும் அது மறுக்கப்பட்டது! ஏன்? நோய் முற்றினால் என்ன ஆகும் என்று பார்ப்பதற்காம்! 1972இல் செய்தித்தாள் வெளிப்படுத்திய பின்னரே அக்கொடுமை நின்றது; 1997இல்தான் குடியரசுத் தலைவர் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டார். மருத்துவமனைப் படிகளில் ஏறக் கருப்பினத்தார் பலர் இன்றும் தயங்குவதற்கு அந்த நாற்பதாண்டும் ஒரு காரணம்.

அதே நாட்டு அரிசோனாவில் ஹவாசுபாய் என்னும் பழங்குடியினர், நீரிழிவு நோய் ஆராய்ச்சி என்று நம்பி 1990 முதல் குருதி கொடுத்தனர். அக்குருதியைக் கொண்டு மனநோய் பற்றியும், அவர்களுடைய மூதாதையர் எங்கிருந்து வந்தனர் என்பது பற்றியும் அவர்கள் அறியாமலே ஆராய்ந்தனர். வழக்காடினர், 2010இல் பல்கலைக்கழகம் 7 இலட்சம் டாலர் இழப்பீடு தந்து, எஞ்சிய குருதியையும் திருப்பிக் கொடுத்தது. கொடுத்த குருதியைத் திரும்பக் கேட்கும் துணிவு! அத்துணிவு நம் மலைகளுக்கு என்று வரும்?

அங்கே நிறம், இங்கே சாதியும், மலையும், வறுமையும். பெயர் வேறு, பிணி ஒன்று. 2009இல் அன்றைய ஆந்திரத்துக் கம்மம் மாவட்டத்திலும், குஜராத்தின் வடோதராவிலும், கருப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசித் திட்டம் ஒன்றைப் 'பாத்' என்னும் அமெரிக்க நிறுவனம் நடத்தியது. கம்மத்தில் ஊசி போடப்பட்ட சிறுமியரில் பழங்குடிப் பிள்ளைகள் பலர். விடுதியில் தங்கிப் படித்தவர்கள். ஒப்புதல் தந்தது யார்? பெற்றவளா? இல்லை; பல இடங்களில் விடுதிக் காப்பாளர்! ஏழு சிறுமியர் இறந்தனர். திட்டம் 2010இல் நிறுத்தப்பட்டது. சாவுக்குத் தடுப்பூசி காரணமன்று என்றே விசாரணைக் குழு கருதியது. அத்தடுப்பூசி புற்றுநோயைத் தடுப்பது என்பதும் உண்மை. அதை வேண்டாவென்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒப்புதல் பெற்ற முறையை 2013இல் நாடாளுமன்றக் குழு கடுமையாகக் கண்டித்தது. பெற்ற தாயின் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்திலே காப்பாளரின் கையெழுத்து! நல்ல மருந்தையும் நஞ்சென்று மக்கள் அஞ்சும்படி செய்தவர் யார்? மூடர்களா? அல்ல, மக்களைக் கேளாத மேதைகள்!

இன்றைய செய்திக்கு வருவோம். அரிவாள் செல் சோகையை 2047க்குள் ஒழிப்பதென்று 2023இல் ஒன்றிய அரசு ஓர் இயக்கத்தைத் தொடங்கியது. தமிழ்நாடு உள்ளிட்ட 17 மாநிலங்களில், பழங்குடியினர் வாழும் பகுதிகளில் ஏழு கோடிப் பேருக்குக் குருதிச் சோதனை செய்வது திட்டம். நோக்கம் நல்லது, நோயாளி பிழைக்க வேண்டும். ஆனால் சோதித்தபின் கையிலே ஓர் அட்டை வருகிறது. நோயின் கூறு உடலில் இருப்பது வேறு, நோயாளியாய் இருப்பது வேறு என்பதை அவர்கள் பேச்சிலே விளக்காவிட்டால், அந்த அட்டை மருந்துக்கு வழிகாட்டுமா? மணப்பெண்ணுக்கு முத்திரை குத்துமா? சாதகம் பார்த்துப் பெண்ணை ஒதுக்கிய நாடு, குருதி அட்டை பார்த்து ஒதுக்கக் கற்றுக்கொண்டால், அதற்குப் பகுத்தறிவு என்று பெயரா?

"என்னதான் செய்யச் சொல்கிறீர்? முடியுமா இதெல்லாம்?" என்று கேட்பவர், நெடுந்தொலைவு போக வேண்டா, தருமபுரி மாவட்டத்துச் சிட்லிங்கிக்கே போகட்டும்! கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கு அது. மலையாளி எனப்படும் பழங்குடியினரும் லம்பாடியரும் வாழுமிடம். ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவ இணையர் அங்கே போய், 1993இல் குடிசையொன்றில் மருத்துவம் தொடங்கினர். 'ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்' என்பது அவர்கள் நிறுவிய அமைப்பு. அன்று நல்ல மருத்துவமனைக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் போக வேண்டும். பிறந்த 1000 குழந்தைகளில் 147 ஓராண்டு நிறையுமுன் மடிந்தன.

அவர்கள் என்ன செய்தார்கள்? வெளியூரிலிருந்து படை திரட்டி வந்தார்களா? இல்லை. அந்த மண்ணின் மகளிரையே செவிலியராகப் பயிற்றினார்கள். ஊரார் தெரிந்தெடுத்த பெண்களையே சுகாதாரப் பணியாளராக்கினார்கள். தாயிடம் தாய் பேசினாள். அவள் பேச்சிலே பேசினாள். எந்த வீட்டில் எவள் கருவுற்றிருக்கிறாள் என்று அறிந்து பேசினாள். பேச்சு நோயோடு நிற்கவில்லை, நிலத்திற்குப் போயிற்று, இயற்கை உழவர் சங்கம் பிறந்தது. பெண்களின் ஊசிக்கும் நூலுக்கும் போயிற்று. லம்பாடிப் பூவேலை மீண்டும் உயிர்த்தது. குழந்தைச் சாவு 147இலிருந்து 20 என்னும் அளவிற்கு இறங்கியதாக அவ்வமைப்பு கூறுகிறது. வாச்சாத்தியில் வீடுகள் நொறுங்கிய மறு ஆண்டு, அதே அரூர்ப் பகுதியிலே தொடங்கிய பணி இது! அன்று வந்தவர்கள் ஆணையிட வந்தார்கள். இவர்கள் கேட்க வந்தார்கள். வேற்றுமை அவ்வளவே, விளைவோ மலைக்கும் மடுவுக்கும்!

தென்னாப்பிரிக்காவின் சான் மக்கள் இன்னும் ஓரடி முன்னே போயினர். நெடுங்காலம் தம்மை அளந்தும் படம்பிடித்தும் போனவர்களுக்கு, 2017இல் தாமே ஒரு நெறிமுறை எழுதினர்: எம்மை மதி, எம்மிடம் உண்மை சொல், எமக்கும் பயன் கொடு, முறைப்படி எம் அவையிடம் வா! ஆராயப்பட்டவர்கள் ஆராய வருபவர்க்குச் சட்டம் வகுத்தனர். மானமுள்ள செயல்!

நம் நாட்டிலும் ஏட்டிலே நெறி உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், புரிகின்ற மொழியில் ஒப்புதல் பெறுக என்கின்றன. எழுத்தறியாதவரிடம் சார்பற்ற சாட்சியின் முன்னிலையில் பெறுக என்கின்றன. சமூகத்தை ஈடுபடுத்துக என்கின்றன. அறநெறிக் குழுவிலே பொதுமனிதர் ஒருவரும் இருக்க வேண்டும் என்கின்றன. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா? அறநெறிக் குழுக்களிலே மலைமகள் ஒருத்தி எங்கே உட்கார்ந்திருக்கிறாள், காட்டுங்கள்!

"எல்லாரையும் கேட்டுக்கொண்டிருந்தால் காலம் கடந்துவிடுமே!" என்று கனிவோடு கவலைப்படுவோரும் உளர். கேளாமல் நடந்தபோது எழுபத்தாறு ஆண்டு கடந்ததே, ஐயா! அப்போது எங்கே போயிற்று உங்கள் அவசரம்?

ஆகவே, நாம் கோருவன இவை. எதை ஆராய்வது என்பதை முடிவு செய்யும்போதே அம்மக்களும் உடனிருக்க வேண்டும். ஒப்புதல் என்பது ஊர்த்தலைவர், காப்பாளர், அதிகாரி எவர் வாயிலிருந்தும் வரலாகாது. உடலுக்குரியவர் தாமே சொல்ல வேண்டும். "மாட்டேன்" என்பவருக்கு மருந்தோ சலுகையோ மறுக்கப்படலாகாது. எடுத்த குருதி எதற்காக எடுக்கப்பட்டதோ அதற்கன்றி வேறெதற்கும், மீண்டும் கேளாமல், பயன்படலாகாது. முடிவு இதழில் ஏறுமுன் ஊர்மன்றத்தில் ஏற வேண்டும். ஒவ்வொரு கிணற்றின் ஃபுளோரைடு அளவும் அக்கிணற்றின் சுவரிலேயே, தமிழில், பெரிய எழுத்தில் எழுதப்பட வேண்டும். சுகாதார வாசகத்தை அவ்வூர்ப் பெண்கள் சேர்ந்து எழுத வேண்டும். அப்பணிக்குக் கூலியும் பெற வேண்டும்.

இளைஞர்களே! இது அரசு செய்யட்டும் என்று காத்திராதீர். அடுத்த முறை தருமபுரிச் சிற்றூருக்குப் போகும்போது ஒலிபெருக்கியை விட்டுவிட்டு ஒரு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். முதல் மணி நேரம் பேசாதீர்கள், கேளுங்கள். கடைசிக் கிணறு எப்போது சோதிக்கப்பட்டது, முடிவை யார் சொன்னார்கள், குழாய்நீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது, வராத நாளில் எந்த நீரைக் குடிக்கிறார்கள் என்று எழுதுங்கள். எழுதியதை அவர்களுக்கே படித்துக் காட்டுங்கள்; திருத்தச் சொல்லுங்கள். பிறகு அவர்களோடு சேர்ந்து அலுவலகப் படியேறுங்கள். அவர்களுக்காக அன்று, அவர்களோடு!

திறந்த வாயில் பல்லை மட்டும் பார்த்தது போதும். அந்த வாய் பேசட்டும்! அது பேசும்போது, விதி என்ற பொய்யும் வீழும். மேதைமை என்ற மமதையும் வீழும். குருதி தந்தவர் கருத்தும் தரட்டும். அதுவே மெய்யான அறிவியல். அதுவே மானமுள்ள மருத்துவம்!